ஐந்தாம் இதழ்

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குப் பிரியும் வழியில் இருக்கிறது குயிலாப்பாளையம். செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் பனைகளும் சூழ்ந்த ஊர். அங்கு நடைபெற்ற மாலைநேர வகுப்பொன்றில், சிறு குழந்தைகளுக்குக் காகிதம் மடிக்கக் கற்றுத்தருமாறு நண்பர் ஒருவர் என்னை அழைத்திருந்தார். அது சித்திரை மாதத்தின் முதல் வாரம். வசந்த காலப் பூக்களைக் காகிதத்தில் மடிக்கும் முறையை விளக்கும் படநூல் ஒன்றையும், ஒரு கட்டு வண்ணத்தாள்களையும் பையில் எடுத்துச் சென்றேன்.

வேப்பமரம் ஒன்றின் நிழலில் பத்துக் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். முதலில் துலிப் மலரைக் கற்பித்தேன். அது மிக எளியது. சதுரத்தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அடிப்பக்கத்தின் இரு முனைகளையும் சற்றுச் சாய்வாக மேலே தூக்கினால் போதும். கால் மணி நேரத்திற்குள் எல்லார் கையிலும் ஒரு பூ இருந்தது. குழந்தைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி மட்டும் தன் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சார், இது எந்த மரத்துல பூக்கும்?" என்று கேட்டாள். "இது மரத்தில் பூப்பதில்லை அம்மா, குளிர் நாடுகளில் கிழங்கிலிருந்து முளைத்துப் பூப்பது" என்றேன். அவள் தலையசைத்தாள். பிறகு தன் பாவாடையில் உதிர்ந்து கிடந்த சிறு வெண்பூக்களைக் கையில் அள்ளிக் காட்டி, "அப்ப இத மடிக்க முடியாதா?" என்றாள்.

அவள் கையில் இருந்தவை வேப்பம்பூக்கள். சில நாள்களுக்கு முன்புதான் புத்தாண்டன்று வீடுதோறும் அவற்றைப் பச்சடியாக்கி உண்டிருந்தோம். அந்த மரத்தின் அடியில் அமர்ந்துகொண்டு, அதன் பூக்கள் தோளில் உதிர உதிர, எங்கோ மலரும் பூவை வசந்தத்தின் அடையாளமாக நான் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

முதற்பொருளும் கருப்பொருளும் பயிலும் உங்களுக்கு நம் பெரும்பொழுதுகள் ஆறும் தெரியும். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அது பனி உருகி வரும் காலமன்று. வேம்பும் புங்கும் பூத்து, கொன்றை பொன்னாகத் தொங்கி, மாங்கிளையில் குயில் கூவும் காலம். இதை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கி வந்தவன் நான். ஆயினும், தொடக்க வகுப்பினருக்காக அந்நாளில் நான் எழுதிக்கொண்டிருந்த பாடம் ஒன்று, 'பனி விலகியது. வசந்தம் வந்தது' என்றே தொடங்கியது. அந்தச் சொற்கள் என் கண்ணிலிருந்து வந்தவையல்ல. வேறு புத்தகங்களிலிருந்து வந்தவை. சிறுமியின் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியாமல் நின்றதற்கு அதுவே காரணம்.

"முயன்று பார்ப்போம்" என்றேன். குழந்தைகள் ஒவ்வொரு பூவாக எடுத்து இதழ்களை எண்ணினர். ஐந்து. அங்கேதான் இடர் தொடங்கியது. சதுரத்தாள் இரண்டாகும், நான்காகும், எட்டாகும். ஐந்தாக அது எளிதில் இசைவதில்லை.

ஒற்றைத் தாளில் ஐந்தைக் காண வழியே இல்லை என்பதன்று. சென்னையில் 1893ஆம் ஆண்டு வெளியான ஒரு நூலே அதற்குச் சான்று. அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றிய த. சுந்தரராவ் என்பவர், காகித மடிப்பின் வழியே வடிவியலைக் கற்பிக்கும் அந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் வகுத்த மழலையர் கல்வியில் காகித மடிப்பும் ஒரு பயிற்சி. குழந்தைகளுக்கான அந்த வண்ணச் சதுரங்களே தமக்கு இந்நூலை எழுதத் தூண்டுதல் என்று அவர் முன்னுரையில் கூறுகிறார். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் எனத் தாளை மடித்தே உருவங்களை அவர் வருவிக்கிறார். கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். 1901இல் சிகாகோவிலும் இது பதிப்பிக்கப்பட்டது. குழந்தையின் விளையாட்டுத் தாளிலிருந்து கணித அறிஞரின் மேசைவரை சென்ற நூல் அது. எனினும், அதன் ஐங்கோணத்தை மடிக்கும் முறை ஏழு வயதுக் கைகளுக்குக் கடினமானது.

எனவே ஒரே தாளில் ஐந்து இதழ்கள் என்பதை விடுத்து, ஓர் இதழுக்கு ஒரு தாள் என்று முடிவு செய்தோம். உள்ளங்கையளவு வெள்ளைத்தாளைச் சதுரமாக நறுக்கிக்கொள்ள வேண்டும். மூலைவிட்டத்தில் ஒருமுறை மடித்து விரிக்க வேண்டும். அந்தக் கோட்டின் ஒரு முனையில் கூடும் இரு விளிம்புகளையும் கோட்டின்மேல் வந்து பொருந்துமாறு மடித்தால், பட்டத்தின் வடிவில் ஓர் இதழ் கிடைக்கும். 90 பாகையாக இருந்த மூலை இப்போது 45 பாகையாகக் குறுகிவிடும். அக்கூர்முனைகளை நடுவில் சேர்த்து எட்டு இதழ்களை ஒட்டினால் வட்டம் இடைவெளியின்றி நிரம்பிவிடும். ஐந்தை ஒட்டினாலோ ஒவ்வோர் இதழுக்கும் இடையே 27 பாகை வெளி இருக்கும். வேப்பம்பூவை உற்றுப் பாருங்கள். அதன் இதழ்களும் அவ்வாறே அடியில் குறுகி, நுனியில் அகன்று, ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும்.

ஐவர் ஐவராகப் பிரிந்து, ஆளுக்கோர் இதழ் மடித்து, இரண்டு பூக்களைச் செய்து முடித்தார்கள். சிலருடைய மடிப்புகள் கோணலாக இருந்தன. நான் திருத்தவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த பூக்களிலும் எல்லா இதழ்களும் ஒரே அளவில் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுமி இன்னும் ஐந்து தாள்கள் கேட்டாள். திண்ணையில் அமர்ந்து நான்கு இதழ்களை மடித்து ஓர் அட்டையில் ஒட்டினாள். ஐந்தாவது தாளை மடிக்காமல் அப்படியே புத்தகத்தினுள் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அது அம்மாவுக்கு" என்றாள்.

அவளுடைய தாயும் தந்தையும் வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், உப்புக் காலம் முடியும்வரை அவள் பாட்டியிடம் வளர்கிறாள் என்றும் பிறகு அறிந்தேன். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீரை வெயில் சுண்டச் செய்து உப்பாக்க வேண்டும். உறைந்த உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். வெயில் எவ்வளவு கடுமையோ விளைச்சல் அவ்வளவு மிகுதி. மழை வந்தால் பாத்திகள் மூழ்கும். குவித்த உப்பைப் பனையோலையால் மூடிவிட்டு மக்கள் வீடு திரும்புவர். நமக்குப் பூக்களின் காலமாகிய இளவேனில், அவளுக்குத் தாய் உடனில்லாத காலம்.

"மழை வர்ற வரைக்கும் தாள் கெட்டுப் போகாதுல்ல சார்?" என்று கேட்டாள். "புத்தகத்துக்குள் இருந்தால் கெடாது" என்றேன்.

பேருந்தில் திரும்பும்போது சிறுபாணாற்றுப்படை காட்டும் காட்சியொன்று நினைவுக்கு வந்தது. உப்பு வணிகரான உமணரின் வண்டிகளோடு வந்த மந்தி, சிப்பியின் வயிற்றில் முத்தை அடக்கி, உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. கடற்கரை தந்த சிப்பியும் முத்துமே அங்கு விளையாட்டுப் பொருள்கள். நம் குழந்தைகளும் மழைநீருக்குக் கப்பலும், ஆடிக்காற்றுக்கு ஓலைக் காற்றாடியும் செய்தவர்களே. கையெட்டும் பொருளில், கண்கண்ட உருவத்தைச் செய்வதே அவர்கள் வழக்கம். துலிப் மலரைக் கற்பித்தது பிழையன்று. அதுவும் அழகிய பூவே. குழந்தை தன் மடியில் கிடக்கும் பூவைப் பூவென்று எண்ணாமல் போக நான் காரணமாக இருந்திருப்பேனே என்பதுதான் என் வருத்தம்.

அன்றிரவே என் பாடத்தின் முதல் வரியைக் கோடிட்டு நீக்கினேன். அவ்விடத்தில் வேப்பம்பூவைப் பற்றி எழுதலாம் என்று முதலில் எண்ணினேன். பிறகு, இப்பாடத்தைப் படிக்கும் குழந்தை மலையடிவாரத்தில் இருக்கலாம், வயலோரத்தில் இருக்கலாம், உப்பளக் கரையில் இருக்கலாம் என்று தோன்றியது. ஆகவே, 'சித்திரையில் உன் ஊரில் என்ன பூக்கிறது?' என்னும் வினாவை மட்டும் எழுதி, அதன்கீழ் நான்கு வரிகளுக்கு இடம் விட்டேன்.