படியேறப் பழகும் கோழிகள்

அய்யலூர்ச் சந்தை வியாழக்கிழமை கூடும். திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலையில் வடமதுரையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு, விடியும் முன்பே ஆடுகளின் கத்தலும் சேவல்களின் கூவலும் காதில் விழும். சிறுவிடைக் கோழியின் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து விலை பேசுகிறவர்கள் ஒரு பக்கம், பெருவிடைச் சேவலின் கண்ணையும் காலையும் பார்த்து ரகம் சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். வாங்கிய கோழியை எங்கே அடைப்பது என்று கேட்கிறவர்களுக்கு, அந்தச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஊரின் தச்சுப் பட்டறையைக் கைகாட்டுகிறார்கள். புளியமரத்தடியில் நிற்கும் பட்டறை. தச்சருக்கு அறுபதை நெருங்கும் வயது. நிலைக்கதவும் சன்னலும் செய்து தேர்ந்த கை. ஊருக்குள் இரும்புக் கதவுகள் பெருகிய பிறகு அவர் வேலையில் பாதி கோழிக்கூண்டாகிவிட்டது.

அவர் அடிப்பது பரண் கூண்டு. நான்கு கல்லுக்கால், அதன்மேல் வேப்பஞ்சட்டம், தளத்துக்கு இடைவெளி விட்டு அடித்த ரீப்பர், பக்கங்களுக்கு அரையங்குல வெல்டு மெஷ், மேலே தகரமும் அதன்மேல் தென்னங்கீற்றும். தகரத்தை மட்டும் போட்டால் சித்திரை வெயிலில் கோழி தாங்காது. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். கீற்றை மட்டும் போட்டால் மரநாய் பிய்த்துக்கொண்டு இறங்கிவிடும். தேவாங்குகளுக்காக 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் பரந்து கிடக்கிறது. காட்டை ஒட்டிய ஊர்களில் கீரி, காட்டுப்பூனை, பெருச்சாளி, சாரைப்பாம்பு என்று கோழிக்கும் முட்டைக்கும் காத்திருக்கும் பிராணிகள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறிவிட்டால் ஈரத்தில் படுத்த கோழிக்குச் சளி பிடிக்கும். மூன்றடி உயரத்தில் வீடு கட்டுவதற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

மூட்டுகளில்தான் அவர் நெடுநேரம் செலவழிக்கிறார். சட்டமும் சட்டமும் சேரும் இடத்தில் நகக்கண் அளவு இடுக்கு இருந்தாலும் மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைத்து அடைக்கிறார். கோழிச்செல்லும் கோழி உண்ணியும் பகலில் அந்த இடுக்கில் ஒளிந்துகொண்டு, இரவில் வெளியே வந்து தூங்கும் கோழியின் ரத்தத்தை உறிஞ்சுகின்றன. உண்ணிகள் தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், கோழி இல்லாத கூண்டைச் சும்மா பூட்டிவைத்து அவற்றை ஒழிக்க முடியாது. மக்கு காய்ந்ததும் இழைப்புளி ஓட்டி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மறுபடியும் இழைக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு உள்ளே சுண்ணாம்பு அடிக்கிறார். ஒருமுறை மக்கை விரலால் அழுத்திக் காட்டி, “இதுதான் தம்பி கதவு, சன்னலைவிடக் கஷ்டம். மனுசன் வீட்ல இடுக்கு இருந்தா அவன் சொல்லுவான். இது சொல்லாது, இளைக்கும்” என்றார்.

நான் போயிருந்த சமயத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூண்டு இறக்கினார்கள். அந்த வீட்டு அம்மா ஆடும் கோழியும் வளர்த்துக் குடும்பம் நடத்துகிறவர். சிறுவிடைகளோடு, குஞ்சு பொரித்து விற்கலாம் என்று வெளியூரிலிருந்து பேண்டம் கோழிகளையும் வாங்கியிருந்தார். அதுவரை எல்லாக் கோழிக்கும் மண்தரையும் பஞ்சாரமும்தான் ராத்திரி வீடு.

பேண்டம் என்றால் குட்டை ரகம். பெரும்பாலானவை ஒரு கிலோவைத் தாண்டாது. மலேசியாவின் கிளந்தான் பகுதியில் உருவான செராமா அரைக் கிலோவுக்கும் கீழே நிற்கும். உடம்பு சிறுத்தால் எடைக்கு மேல்தோல் பரப்பு அதிகம். அதனால் மார்கழிப் பனியில் பெரிய கோழியைவிடச் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். பரண் கூண்டில் அடியிலிருந்தும் காற்று ஏறுகிறது. இதனால் பேண்டம் உட்காரும் பக்கத்தில் மட்டும் ரீப்பருக்குப் பதில் முழுப் பலகை. அந்த அம்மா வாங்கியவற்றில் ஜப்பான் பேண்டம் ஒரு சோடி. அவற்றின் கால் நெஞ்சு தரையில் உரசும் அளவுக்குக் குட்டை. அந்தக் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். இரண்டு குட்டைக்கால் கோழிகளைச் சேர்த்தால் கருக்கூடிய முட்டையில் கால்பங்கு இப்படிப் போகும். அவ்வளவு இழப்புக்குப் பிறகு கிடைத்த கோழி, தன் வீட்டுப் படியில் ஏற முடியாமல் கீழே படுத்துக் கீரிக்குப் போவது கொடுமை.

கொச்சின் பேண்டம் வேறு மாதிரி. காலெல்லாம் இறகு. மழைக்காலத்தில் அந்த இறகில் சேறு அப்பி உருண்டையாகிவிடும். படியில் கூர்முனை இருந்தால் இறகு மாட்டி முறியும், அடியில் ரத்தம் கசியும், ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும்.

ஆகவே முதலில் மாறியது சாய்வுப் பலகை. சிறுவிடைக்கு அவர் வழக்கமாக நாலரை அடிப் பலகை வைப்பார். கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் சிறுவிடை பாதி ஏறி மீதியைப் பறந்துவிடும். குட்டைக் காலுக்கு அது ஆகாது என்று மூன்றடி உயரத்துக்கு ஆறடிப் பலகை போட்டார். சாய்வு முப்பது பாகைக்கு வந்தது. குறுக்கே அடிக்கும் ரீப்பர் துண்டுகளை மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கி, விளிம்பையெல்லாம் உருட்டி இழைத்தார். பலகையின் மேல் பழைய சாக்கை இழுத்து ஆணி அடித்தார்கள். சாக்கு வழுக்காது என்பது ஒரு பயன். பலகை இடுக்கு வழியே கீழே தரை தெரிந்தால் கோழி மிரளும், சாக்கு அதையும் மறைத்துவிடும்.

மதியத்தோடு கூண்டு நின்றது. தச்சர் சாமானைக் கட்டத் தொடங்கியபோது, அந்த அம்மா நாதாங்கியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏன் ஆசாரி, கூண்டு நல்லாத்தான் இருக்கு. ஏறலைன்னா நான் என்ன செய்யட்டும்?” என்றார். “அதுக்குத்தானே தாயி அவ வந்திருக்கா” என்று மனைவியைக் காட்டினார் தச்சர்.

இந்தத் தொழிலில் பாதி அந்த அக்காவின் கையில் இருக்கிறது. கூண்டு இறக்கும் வீடுகளுக்குக் கணவரோடு போய், கோழி குடியேறும்வரை கூடவே இருந்து பழக்கிக் கொடுக்கிறவர் அவர்தான். வந்ததும் வாசலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோழியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பலகையை மேலே பார்த்தார். பட்டப்பகல் வெளிச்சத்தில் கூண்டின் வாசல் கறுப்புக் குழியாகத் தெரிந்தது. “பின்பக்கத் தட்டியைத் தூக்குங்க” என்றார். தூக்கியதும் உள்ளே வெளிச்சம் ஊடுருவி, சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. பிறகு பழைய இடத்தில் கிடந்த வைக்கோலையும் எருவையும் ஒரு கூடை அள்ளி உள்ளே பரப்பினார். கோழிகள் பகலில் ஏறி உட்காரும் பழைய முருங்கைக் கட்டை ஒன்று மூலையில் கிடந்தது. அதையே உள்ளே உட்காரும் கட்டையாகப் பொருத்தச் சொன்னார். உயரம் மட்டும் குறிப்பாக இருந்தது: முட்டையிடும் பெட்டியைவிடக் கட்டை சற்று மேலே. கோழி கிடைப்பதில் உயரமான இடத்தைத் தேடும். பெட்டி உயரமாக இருந்தால் அதற்குள்ளேயே தூங்கி, அதிலேயே எச்சமிட்டு, முட்டையை நாசமாக்கும்.

பிற்பகலில் எந்தக் கோழியையும் அவர் விரட்டவில்லை. பலகையின் அடியில் கம்பும் குருணையும் தூவினார், அவ்வளவுதான். ஒரு கறுப்புச் சிறுவிடை முதல் ரீப்பரில் கால் வைத்தது. தலையை ஒருச்சாய்த்து இடக்கண்ணால் வாசலைப் பார்த்தது, திருப்பி வலக்கண்ணால் பார்த்தது. கோழியின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் புதிய பொருளை இப்படித்தான் அளக்கும். இரண்டு படி ஏறி, மூன்றாவதில் நின்று, இறங்கிவிட்டது. அந்த வீட்டுப் பையன் கையை வீசி ஓட்டப் போனான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். “இன்னைக்கு மிரண்டா இந்தப் பலகைன்னாலே அதுக்குப் பயம்தான், கண்ணு. அப்புறம் வாரம் ஆனாலும் ஏத்த முடியாது.”

பொழுது சாய்ந்ததும் கோழிகள் வழக்கம்போலப் பழைய மூலைக்குப் போய் ஒடுங்கின. நன்றாக இருட்டட்டும் என்று அவர் காத்திருந்தார். மங்கிய வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது; இருட்டில் தூக்கினால் திமிறாது, எங்கே வைத்தாலும் அங்கேயே அமர்ந்துவிடும். விளக்கைப் போடாமல், இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். சிறுவிடைகளைக் கட்டையின் மேல் உட்காரவைத்தார். ஜப்பான் பேண்டத்துக்குத் தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தனிக் கட்டை. கால்விரல்கள் கட்டையைப் பற்றும்வரை கையை எடுக்கவில்லை. கோழி மடங்கி உட்கார்ந்ததும் காலின் தசைநாண் தானாக இறுகி விரல்களைப் பூட்டிவிடும். பிறகு தூக்கத்திலும் விழாது. காட்டுக்கோழி இன்றும் இரவில் மரக்கிளையில்தான் தங்குகிறது. நம் வீட்டுக் கோழியின் மஞ்சள் கால் நிறம், தென்னிந்திய மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் வழி வந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. உயரத்தில் தூங்குவது இந்த இனத்துக்குப் புதிதல்ல. பழகிய மூலையை விட்டு வருவதுதான் அதற்குப் பெரிய காரியம்.

விடிந்ததும் திறந்துவிட எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. அக்கா விடவில்லை. மூன்று நாலு நாளாவது உள்ளேயே தீனி, உள்ளேயே தண்ணீர். அதற்குள் அதுதான் வீடு என்று பிடிபட்டுவிடும். முதல் நாளே திறந்தால் பொழுது சாயும்போது பழைய மூலைக்கே திரும்பும். அடைந்து கிடக்கும் அந்த நாட்களில் சண்டையும் வரும். நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனிக்கத் தொடங்கியவர். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற ஒரு வரிசை உண்டு என்று 1920-களின் தொடக்கத்தில் அவர் எழுதினார். இடம் மாறினால், புதுக்கோழி சேர்ந்தால், அந்த வரிசை மறுபடியும் பேசித் தீர்க்கப்படுகிறது. சிறுவிடைப் பெட்டைகள் பேண்டத்தைத் தீனித் தட்டிலிருந்து துரத்தின. அக்கா அடித்து விலக்கவில்லை. இன்னொரு தட்டை எதிர்மூலையில் வைத்தார், இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து மறைத்தார். கொத்துகிறவளுக்குக் கொத்து வாங்குகிறவள் கண்ணில் படாவிட்டால் போதும். கொண்டை வெளுத்துத் தீனி எடுக்காமல் ஒதுங்கிய பெட்டையை மட்டும் சிலநேரம் தனியே எடுத்துவைத்து ஊறவைத்த குருணை கொடுத்தார். முட்டை சில நாள் நிற்கும் என்று வீட்டம்மாவிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவரும் கலங்கவில்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் இடமாற்றத்தையும் ஒரே வாரத்தில் வைக்கக் கூடாது, இரண்டு அலைச்சலைச் சேர்ந்தாற்போல் தாங்காது என்பதையும் சொல்லிவைத்தார்.

கதவைத் திறந்த அன்று எல்லாம் இறங்கி ஓடின. ஏற்றுவதற்கு அக்காவிடம் பழைய உபாயம் ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மண்பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் மக்கிய கீற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, வேலியோரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். கரையான் ஏறியிருந்தது. பட்டறைக்காரருக்கு அந்தப் பானையைக் கண்டாலே ஆகாது, மரவேலை பக்கத்தில் கொண்டுவரவே விடமாட்டார். அதனாலேயே கூண்டுக்குக் கல்லுக்கால். பொழுது சாயும் முன், ஒரு கைப்பிடிக் கரையானைப் பலகையின் நடுவிலும் வாசலிலுமாகத் தட்டினார். கறுப்புச் சிறுவிடை விறுவிறுவென்று ஏறியது. சேவல் கீழே நின்று தீனிக்குரல் கொடுக்க, மற்றவை பின்னால் வந்தன. ஜப்பான் பெட்டை ஒவ்வொரு ரீப்பராக, நெஞ்சு சாக்கில் உரச, வால் நிமிர்ந்து நிற்க, நடுவில் நின்று இளைப்பாறி, தானாகவே உள்ளே போனது. வீட்டம்மா கை தட்டாத குறை.

வரும்போது கூலிக் கணக்கைப் பார்த்தேன். மரம், வலை, தகரம், கீல், நாதாங்கி, கல்லுக்கால், தச்சுக்கூலி எல்லாம் எழுதியிருந்தது. அக்காவின் சாயங்காலங்களுக்கு வரி இல்லை. கேட்டதற்கு, “அதுக்கென்ன தம்பி காசு” என்றார். வீட்டம்மா மட்டும் ஒரு மரக்கா கம்பும் முதல் ஈத்துக் குஞ்சில் ஒன்றும் தருவதாகச் சொல்லியிருந்தார். இது எனக்கு ஒப்பவில்லை. கோழி ஏறாத கூண்டு வெறும் மரச்சாமான். அதை வீடாக்கிய வேலைக்கு அந்தத் தாளில் ஒரு வரியும், வரிக்கு எதிரே ஒரு தொகையும் இருக்கத்தான் வேண்டும். தச்சரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, அடுத்த கணக்கில் சேர்ப்பதாகச் சொன்னார்.

அடுத்த கணக்கு அப்போதே வந்துவிட்டது. வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் போனில் சில்க்கிக் கோழிகளுக்குக் கூண்டு கேட்டார். தச்சர் பலகையில் பென்சிலால் கட்டையின் உயரத்தைக் குறித்தார். சில்க்கியின் இறகு பஞ்சாகப் பிரிந்து கிடக்கும், காற்றை அள்ளாது, பறக்க வராது என்று அக்கா சொல்ல, அந்தக் கோட்டை அழித்துவிட்டு ஒரு சாணுக்குக் கீழே இறக்கிக் குறித்தார். “பலகை இந்தத் தடவை ஏழடி போடுங்க” என்றார் அக்கா. பிறகு கணவர் கையிலிருந்த போனை வாங்கி, கோழி இப்போது எதில் படுக்கிறது, கூட எத்தனை சேவல், வீட்டுக்கு வர டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தொடங்கினார்.