எடுத்துட்டுப் போக எவ்வளவு? குருசுக்குப்பத்தில் காலியாகும் ஒரு வீடு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகம், பழைய சாராய ஆலை என்று வடக்கே நடந்துகொண்டே போனால், சுற்றுலாக் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். செல்ஃபி எடுப்பவர்கள் போய், வலையில் சிக்கெடுப்பவர்கள் கண்ணில் படுவார்கள். அதுதான் குருசுக்குப்பம்.

மீனவர் குப்பம் என்றால் மணலும் அதில் ஏற்றிவைத்த படகுகளும்தானே நினைவுக்கு வரும்? இங்கே கரையெல்லாம் கருங்கல். 1980-களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. வடக்கு நோக்கி நகர்ந்துவந்த மணல் அங்கேயே தடைபட, இந்தப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. அதைத் தடுக்கக் கொட்டியவைதான் இந்தக் கற்கள். வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானுக்கும் இந்தக் கற்களுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

இங்குள்ள சந்து ஒன்றில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், இன்னொருவர் (புதுச்சேரி ஆச்சே!) பிரான்சில். பத்து நாள் லீவில் வந்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். உள்ளே தேக்குப் பீரோ, நாலு இலவம்பஞ்சு மெத்தை, பித்தளை அண்டா, டப்பா டி.வி., ஓடாத ஃபேன், கிழிந்த நைலான் வலை. பின்பக்கம், இடித்த கழிவறையின் செங்கல் குவியல். அவசரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போக எவ்வளவு?”

அப்படி மொத்தமாகக் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஏனென்றால், அந்த வீட்டில் இருப்பது இரண்டு விதமான சரக்கு. ஒன்று, அவர்கள் உங்களுக்குக் காசு கொடுத்து எடுக்க வேண்டியது. மற்றது, நீங்கள் காசு கொடுத்து அனுப்ப வேண்டியது. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றினால், பீரோவையும் அண்டாவையும் இலவசமாகத் தாரை வார்த்துவிட்டு, கூலியும் கொடுத்திருப்பீர்கள்.

காயலான் கடைக்காரரை முதலில் கூப்பிடுங்கள். இரும்பு, பித்தளை, செம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். பழைய ஃபேன் மோட்டாருக்குள் செம்புக் கம்பி இருந்தால், அது இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும். மொத்தமாக ‘இரும்பு’ என்று போட்டால் அந்த வித்தியாசம் அவருக்கு லாபம். தேக்குப் பீரோவையும் கதவையும் எடைக்குப் போடவே கூடாது. பழைய மரச்சாமான் வாங்கி, புதுப்பித்து விற்கும் கடைகள் இந்த ஊரில் உண்டு. ஓட்டை உடைசல் என்று நீங்கள் நினைக்கும் சிலது, காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் இன்னொருவருக்குத் தேவைப்படும் பொருளாக இருக்கும். டி.வி.யை மட்டும் உடைக்க விடாதீர்கள். அந்தப் பழைய கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது. அது மின்கழிவு, தனியாகத்தான் போக வேண்டும்.

மிச்சம் இருப்பதற்குத்தான் வண்டி. கூலி எப்படிக் கணக்காகிறது? குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ் சுமார் 750 கிலோ தாங்கும். ஒரு செங்கல் 3 கிலோ. அப்படியானால் 250 செங்கல்லோடு வண்டியின் கணக்கு முடிந்தது. தொட்டியில் பரப்பிப் பார்த்தால் இரண்டு அடுக்குதான் வரும்! ‘வண்டி பாதிகூட நிறையலையே’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. மெத்தை இதற்கு நேர்மாறு. எடை அதிகமில்லை, இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இடிபாட்டுக்கு எடையை வைத்தும், மெத்தைக்கு இடத்தை வைத்தும் பேசுங்கள். இரண்டையும் கலந்து ஏற்றாமல் இருப்பது இன்னும் நல்லது.

அடுத்தது ஆள் கூலி. இந்தச் சந்துகள் பலவற்றில் குட்டி யானைகூட நுழையாது. வண்டி நிற்கும் தெருமுனை வரை ஒவ்வொரு கூடையும் தலைச்சுமைதான். மாடி என்றால் இன்னும் ஏறும். போனில் ரேட் கேட்கும்போதே ‘வண்டி வாசல் வரைக்கும் வராது’ என்று சொல்லிவிட்டால், கடைசி நேரத் தகராறு மிச்சம். முடிந்தால் வீட்டை ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பேசிய தொகையையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று பேரிடம் விசாரித்தால், ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடப் பாதி விலை சொல்வார். சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று கேளுங்கள். “எங்கண்ணா கொட்டுவீங்க?” தெருவிலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ குப்பை கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. கட்டட இடிபாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. ஒழுங்கான இடத்துக்குப் போக டீசல் செலவு, நேரம் எல்லாம் உண்டு. அதெல்லாம் இல்லாத ரேட் என்றால், சரக்கு பக்கத்திலேயே எங்கோ இறங்கப்போகிறது என்று சந்தேகப்படலாம்.

கருங்கல் இருக்கும் கரையில் அந்த ஆசை இன்னும் அதிகம். கல்லோடு கல்லாகச் செங்கல்லும் கிடக்கட்டுமே என்று தோன்றும். கடலுக்கு அந்தக் கணக்கு புரியாது. கல் இடுக்கில் திணித்த மெத்தைத் துணியும் நைலான் துண்டும் அடுத்த புயலில் கிளம்பி, யாராவது விரித்திருக்கும் வலையில் போய் மாட்டும். அதைப் பிரித்தெடுக்கும் கூலியை யாரும் தருவதில்லை. வீட்டுக்காரர் மிச்சம் பிடித்த பணத்தைப் பக்கத்து வீட்டு மீனவர் கட்டுகிறார்.

துணி என்றதும் ஒரு தகவல். குப்பத்துக்குச் சற்றுத் தள்ளி, எஸ்.வி.பட்டேல் சாலையில்தான் அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே காகிதத்துக்கு மூலப்பொருளே பருத்தித் துணிக் கழிவுதான். பாரதி வியந்து பாடிய குள்ளச்சாமி, பழங்கந்தை மூட்டையை முதுகில் சுமந்து திரிந்ததும் இதே ஊர்த் தெருக்களில்தான். கந்தைக்கு இங்கே எப்போதும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது!

ஆனால் எவ்வளவு காசு கொடுத்தாலும் எளிதில் கழியாத பொருள் ஒன்று மீனவர் குப்பங்களில் உண்டு. அது பழைய ஃபைபர் படகு. கட்டுமரம் பழசானால் அடுப்புக்காவது ஆகும். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகியது. பிளாஸ்டிக் குடம் போல உருக்கி வேறொன்று செய்ய முடியாது. அறுத்தால்தான் வண்டியில் ஏறும். அறுத்தால் பறக்கும் தூசு தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் கேடு. அதனால் முகமூடி, கையுறையோடு ஆள் வைக்க வேண்டும். படகுக்காரர் இன்ஜினைக் கழற்றிக் காயலான் கடையில் நல்ல விலைக்குப் போட்டுவிடுவார். உடம்புக்கு விலை கேட்டால், கடைக்காரர் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கேட்பார், “எடுத்துட்டுப் போக எவ்வளவு தருவீங்க?”