அப்பா மாதிரியே ஒரு அதட்டல்

நீங்கள் கண்டிப்பான அப்பாவா, செல்லம் கொடுக்கிற அப்பாவா? நான் இரண்டாவது ரகம் என்றுதான் பீற்றிக் கொண்டிருந்தேன், போன மாதம் வரை.

அரியலூர் மாமியார் வீட்டிலிருந்து பெரம்பலூர் திரும்பும்போது, கொஞ்சம் சுற்றிக்கொண்டு சாத்தனூர் கல்மரத்தை மகளுக்குக் காட்டப் போனேன். 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் புதைந்த மரம் கல்லாகிவிட்டது.

"மரம் எப்படிப்பா கல்லாச்சு?" சொன்னேன். "கடல் எங்கேப்பா போச்சு?" அதையும் சொன்னேன். ஆறாவது கேள்விக்கு, "வாயை மூடிக்கிட்டு வரமாட்டே?" என்று ஒரு அதட்டல்.

திடுக்கிட்டேன். அது என் குரலே இல்லை, அச்சு அசல் எங்க அப்பா! அவர் அதட்டலில்தான் நான் கேள்வி கேட்பதையே விட்டேன். பி.காம். சேர்ந்ததுகூட அவர் சொல்லித்தான். (டெபிட், கிரெடிட்டில் 'ஏன்' என்று யார் கேட்கப் போகிறார்கள்?)

டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியல் அம்மணி 1960களிலேயே பெற்றோரை மூன்று ரகமாகப் பிரித்தார். அதிகாரம் பண்ணுகிறவர், செல்லம் கொடுக்கிறவர், கண்டிப்போடு காரணமும் சொல்கிறவர். நான்? பொறுமை இருக்கும்வரை இரண்டாவது. தீர்ந்தால் முதலாவது!

பெரம்பலூர் பஸ்ஸில் மகள் வாயே திறக்கவில்லை.

"அப்பா கத்தினது தப்புடா கண்ணு. என்னமோ கேட்டியே, என்ன?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மறந்துட்டேம்ப்பா."