வேண்டாம் என்றவர்களையும் அழைத்துப் போனேன்

வீடு மாற்றுவதென்றால் எனக்குக் குலை நடுங்கும். கல்யாணமான 36 வருஷத்தில் பதினோரு வீடு பார்த்துவிட்டேன். இவருக்குத் தபால் இலாகாவில் வேலை. திருவாரூர், சீர்காழி, பட்டுக்கோட்டை என்று மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சாமான் கட்டுவது நான்தான். உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் முதலில் போக வேண்டும், பழைய துடைப்பம் கூட வரக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இத்தனை அனுபவசாலியான நான், 2025 ஆவணியில் ஒரு 'வீடு' மாற்றும்போது கோட்டை விட்டேன். அது செங்கல் வீடு இல்லை. 2,640 ஈமெயில் விலாசங்கள் குடியிருந்த வீடு!

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலேயே நான் பத்தியச் சாமான்கள் செய்து விற்கிறேன். அங்காயப் பொடி, பருப்புப் பொடி, சுக்குப் பொடி, பிரசவ லேகியம். என் மாமியார் கைப்பக்குவம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்ற பெண்கள், அல்லது அவர்களுடைய அம்மாக்கள். "குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடலாமா?", "லேகியம் எத்தனை நாள்?" என்று தினமும் போனில் ஒரே கேள்விகள். (காதில் எண்ணெய் விடக் கூடாது. லேகியத்துக்கு முன் உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதை நான் சொல்லாத நாளில்லை!)

2016-ல் என் பெண் ஒரு யோசனை சொன்னாள். "அம்மா, எல்லாருக்கும் தனித்தனியா சொல்லித் தொண்டை வத்திப் போகாதே. வாரம் ஒரு கடிதமா எழுதி வை. குழந்தை பிறந்த தேதியைக் கொடுத்தா, அந்தந்த வாரத்துக் கடிதம் அவங்களுக்குத் தானாவே போயிடும்."

அப்படி அனுப்புவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. விலாசங்களை அவர்களிடம் கொடுத்து வைத்தால் போதும். சொன்ன நாளில் சொன்ன கடிதத்தை ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் சேர்த்து விடுவார்கள். பன்னிரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதம் இப்படித் தொடங்கும்: "குட்டிப் பாப்பா வீட்டுக்கு வந்தாச்சா? வீடே நிறைஞ்சிருக்குமே!"

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷங்கள் ஓடின. வாடகை ஏறிக்கொண்டே போனது. அந்தக் கம்பெனி பெயர்க் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கும். "எனக்கு இனிமேல் கடிதம் வேண்டாம்" என்று விலகிப் போனவர்களையும் தலை எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். குடியில்லாத அறைக்கும் வாடகையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெயருக்குக் காசில்லை, அனுப்பும் கடிதத்துக்கு மட்டும்தான் காசு என்று சொல்லும் வேறொரு கம்பெனியை என் அண்ணா பிள்ளை கண்டுபிடித்துக் கொடுத்தான். ஆடி போகட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் வேலையை ஆரம்பித்தோம்.

பழைய இடத்திலிருந்து விலாசங்களை இறக்கியபோது மூன்று கோப்புகள் வந்தன. கடிதம் பெறுகிறவர்கள் 1,904 பேர். விலகிக்கொண்டவர்கள் 427 பேர். கடிதம் போய்ச் சேராமல் திரும்பிய விலாசங்கள் 309.

முதல் கோப்பை எக்ஸெலில் திறந்தால், தமிழில் இருந்த பெயர்களெல்லாம் கொசு மொய்த்த மாதிரி ஏதேதோ கோடும் புள்ளியுமாக நிற்கின்றன! போன் நம்பர்கள் 9.19 என்று சுருங்கிப் பக்கத்தில் ஒரு 'ஈ' எழுத்தோடு நிற்கின்றன. எனக்கு மயக்கம் வராத குறை. அண்ணா பிள்ளை சிரித்தான். "பயப்படாதீங்க அத்தை. நேரே திறக்கக் கூடாது. உள்ளே போய் யுடிஎஃப் எட்டுன்னு சொல்லித் திறக்கணும். நம்பரை எழுத்தா வச்சுக்கச் சொல்லணும்." அப்படிச் செய்ததும் பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. தேதியிலும் ஒரு கோளாறு. ஜூலை 5 என்று நாம் எழுதினால் அது மே 7 என்று படிக்கிறது. மாதத்தை முன்னால் வைக்கிற அமெரிக்கப் பழக்கம்.

இதையெல்லாம் கவனமாகச் சரிசெய்தோம். பிறகுதான் என் புத்தி வேலை செய்தது.

"இந்த விலகினவங்க கோப்பை என்ன பண்ண, அத்தை?"

"அதையும் சேர்த்துடுடா. பேருக்குத்தான் காசில்லையே. இத்தனை வருஷத்து மனுஷங்க. கூட்டினா வருமா? வீசிட்டுப் போவானேன்?"

வீடு மாற்றும்போது காலி டப்பாவைக்கூட விட மனசு வராதே, அந்தப் புத்தி. மூன்றையும் ஒன்றாக்கினோம். இன்னொரு தப்பும் நடந்தது. குழந்தை பிறந்த தேதிக் கட்டத்தைப் புது இடத்தில் பொருத்தாமலே விட்டுவிட்டோம். பட்டியலில் பெயர் ஏறிய நாளையே முதல் நாளாக அது எடுத்துக்கொண்டது. கடிதத் தொடரை நிறுத்தி வைக்காமல் பெயர்களை ஏற்றினோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, 2,640 விலாசங்களுக்கும் கிளம்பிவிட்டது: "குட்டிப் பாப்பா வீட்டுக்கு வந்தாச்சா?"

ஏழு மணிக்குப் பதில்கள் வரத் தொடங்கின. "அம்மா, என் பாப்பா நாலாங் கிளாஸ் படிக்கிறான், ஹோம் ஒர்க் செய்ய மாட்டேங்கிறான், அதுக்கு ஏதாவது லேகியம் இருக்கா?" என்று ஒருத்தி. மகளுக்காக முன்பு லேகியம் வாங்கிய ஒரு பாட்டி, "எனக்கு வயசு 62. உங்க வாய்முகூர்த்தம் பலிக்காம இருக்கட்டும்!" என்று எழுதியிருந்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மானம் போனாலும் சிரிப்பாவது மிச்சம் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஒரு பதில் வந்தது. ஒரே வரி.

"அம்மா, நான் 2021-லேயே வேண்டாம் என்று எழுதியிருந்தேன்."

பெயரைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை.

2021-ல் அந்தப் பெண் வளைகாப்பு முடிந்த கையோடு லேகியத்துக்குப் பணம் கட்டினாள். பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதியையும் கொடுத்திருந்தாள். அந்தத் தேதிக்கு என் கடிதம் போனது. இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினாள். குழந்தை தங்கவில்லை. லேகியத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இனி இந்தக் கடிதங்கள் வர வேண்டாம், அம்மா.

அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான், முன்கூட்டித் தேதி வாங்குவதையே நிறுத்தினேன். குழந்தை பிறந்த பிறகு அவர்களாகவே எழுதினால்தான் கடிதத் தொடர் ஆரம்பிக்கும் என்று மாற்றினேன். அவள் பெயரை என் கையாலேயே விலக்கினேன். அந்த 427 பேரில் அவளும் ஒருத்தி. "கூட்டினா வருமா?" என்று நான் கேட்ட கூட்டத்தில் அவளும் இருந்தாள். ஒரே பெண்ணிடம், ஒரே கேள்வியை, இரண்டாம் முறையும் கேட்டுவிட்டேன்.

இவர் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"தபாலாபீஸில் கடிதம் பல காரணத்துக்குத் திரும்பும். வீடு மாறிட்டார்னு திரும்பும். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு திரும்பும். 'ரெஃப்யூஸ்ட்'னு எழுதித் திரும்பறது வேற. ஆள் இருக்காங்க, வாசல்ல நின்னு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கவரை மறுநாளும் அதே வாசல்ல கொண்டுபோய் நீட்டறவன் தபால்காரனே இல்லை. உன்னோட மூணு கோப்பும் இதுதானே? ஏன் ஒண்ணாக் கலந்தே?"

இவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

உடனே தொடரை நிறுத்தினோம். அண்ணா பிள்ளை, "427 பேரையும் அழிச்சுடறேன் அத்தை" என்றான். பிறகு அவனே யோசித்து, "அழிக்கக் கூடாது" என்றான். அழித்துவிட்டால் அவர்கள் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து அழிந்துவிடும். நாளைக்குப் பழைய ஆர்டர் நோட்டிலிருந்து யாராவது அதே விலாசத்தை ஏற்றினால் மறுபடி கடிதம் போகும். அதனால் 'அனுப்பக் கூடாதவர்கள்' என்று ஒரு தனிப் பட்டியல் வைக்க வேண்டும். புதுக் கம்பெனியிலும் அதற்கு இடம் இருந்தது. அதில் ஏற்றிய விலாசத்துக்கு நாமே தவறி அனுப்பினாலும் கடிதம் நகராது. ஒருவருக்கு எழுதாமலிருப்பதற்காகவே அவரை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறதாம். சட்டம் சொல்லித்தானா இது எனக்குத் தெரிய வேண்டும்?

மறுவாரம் தண்டனையும் வந்தது. நல்ல கடிதம் எழுதினாலும் பலருக்கு ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்தது. வேண்டாதவர்கள் ஸ்பாம் என்று அழுத்தியிருப்பார்கள். திரும்பி வரும் என்று தெரிந்தே அனுப்பிய 309 வேறு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு. ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பாம் என்று அழுத்தினாலே நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நம் பெயரில் வருவது நம் கடிதம்தான் என்று காட்ட, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று நம் இணைய முகவரியின் பதிவேட்டில் சில வரிகள் சேர்க்க வேண்டும். "தபால் முத்திரை மாதிரி" என்றார் இவர். நம் கடிதங்களை எவ்வளவு பேர் ஸ்பாம் என்று அழுத்துகிறார்கள் என்று கூகுளிடமே பார்த்துக்கொள்ளும் வசதிக்குப் பெயர் 'போஸ்ட்மாஸ்டர்'. அதைக் கேட்டதும் இவருக்கு ஒரே பெருமை. இப்போது அந்த இலாகா இவர் பொறுப்பு!

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதலாமா, கூடாதா என்று இரண்டு நாள் தவித்தேன். எழுதாதே என்றவளுக்கு எழுதியதுதானே குற்றம்? ஆனால் அவளே பதில் எழுதியிருக்கிறாள். அதற்கு வாய் திறக்காமலிருப்பதும் தகாது என்று பட்டது. கம்பெனி வழியாக அனுப்பவில்லை. என் சொந்த விலாசத்திலிருந்து நானே தட்டச்சு செய்தேன். தப்பு என்னுடையது, மெஷின்மேல் பழி போட மாட்டேன், இனி வராது என்று மூன்று வரி. மருந்து, பத்தியம், ஆறுதல் எதுவும் எழுதவில்லை.

பதில் வரவில்லை. பதிலை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்களில் பலர் வீட்டிலிருந்தே ஊறுகாய், புடவை, பாட்டு கிளாஸ் என்று நடத்துகிறீர்கள். விலாசப் பட்டியல் வைத்திருப்பீர்கள். ஒருநாள் நீங்களும் வீடு மாற வேண்டி வரும். அப்போது என் பட்டறிவு உதவட்டும். முதலில் 'அனுப்பக் கூடாதவர்கள்' பட்டியலைப் புது இடத்தில் ஏற்றிவிடுங்கள். மற்றவர்கள் பிறகு வரட்டும். திரும்பி வந்த விலாசங்களைப் பழைய துடைப்பம் போல அங்கேயே விடுங்கள். தானாகப் போகும் கடிதங்களை நிறுத்தி வைத்துவிட்டுப் பெயர்களை ஏற்றுங்கள். உங்கள் வீட்டு விலாசங்கள் நாலைந்துக்கு முதலில் அனுப்பி, பெயரும் தேதியும் சரியா என்று பாருங்கள். பிறகு, அண்மையில் உங்கள் கடிதத்தைத் திறந்து படித்தவர்களுக்குச் சிறு சிறு பகுதியாக அனுப்புங்கள். பழைய இடத்தை உடனே காலி செய்யாதீர்கள். நம் பொட்டலத்தில் அச்சடித்த க்யூஆர் கோடு பழைய வீட்டு வாசலைத்தானே காட்டும்? பழைய கடிதங்களின் அடியில் இருக்கும் 'விலக' என்ற இணைப்பும் அங்கேதான் போகும். அதை அழுத்துகிறவளுக்கு வாசல் திறக்க வேண்டும்.

முதல் கடிதத்தையும் மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அம்மா? இந்தக் கடிதம் இப்போது வேண்டாம் என்றால், கீழே ஒரு முறை தொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

பாப்பாவைப் பற்றி இரண்டாவது பாராவில்தான் கேட்கிறேன்.