கட்டம் போட்டால்தான் கை ஓடும்

"கட்டம் போட்டுத் தைக்கிறவங்களுக்குக் கற்பனை கிடையாது. கையை அது போக்கில் விட்டாத்தான் ஃப்ரீ மோஷன்." எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஓர் இளம் வடிவமைப்பாளர், நான் தைத்த போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டே இப்படிச் சொன்னார். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மிஷினை விட்டு எழுந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ராஜபாளையத்துக்கு நூல் மில், சத்திரப்பட்டிக்குப் பேண்டேஜ் துணி, எங்கள் தளவாய்புரத்துக்கு நைட்டி. செட்டியார்பட்டி, முகவூர் என்று சுற்றியிருக்கும் ஊர்களிலும் தெருவுக்குத் தெரு மிஷின் சத்தம்தான். வடக்கேயிருந்து அச்சுத் துணி பேலாக வந்து இறங்கும். நைட்டியாகப் பண்டல் கட்டிப் போகும். இதில் நான் யோக் வேலைக்காரி. பவர் மிஷினில் நெட்டுத்தையல் அடிக்கிறவர்கள் வேறு, ஓவர்லாக் வேறு, நைட்டியின் மார்புப் பகுதியான யோக்கில் எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் வேறு. வெட்டில் மிஞ்சும் துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு ஷீட் வைத்துப் போர்வை தைக்கும் பழக்கம் யோக் வேலையிலிருந்துதான் எனக்கு வந்தது. இரண்டுக்கும் கை ஒன்றுதான். துணியை நகர்த்தும் மிஷின் பல்லை இறக்கிவிட்டு, ஃபுட்டைக் கழற்றியோ டார்னிங் ஃபுட் மாட்டியோ, துணியை நாமே நகர்த்துவது.

பல்லை இறக்கிய பிறகு தையலின் நீளத்தை மிஷின் தீர்மானிக்காது. காலும் கையும் பேசி வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். மிஷின் நிமிடத்துக்கு 600 தையல் ஓடுகிறது என்றால் வினாடிக்கு 10. தையல் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமானால், கை வினாடிக்கு 25 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அங்குலம் நகர வேண்டும். கை பிந்தினால் தையல் பொடிப்பொடியாக விழுந்து நூல் முடிச்சிடும். கை முந்தினால் தையல் நீண்டு, அடிநூல் மேலே எட்டிப் பார்க்கும். டென்ஷனைத் திருகுவதால் இது சரியாகாது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் முதல் நாளே பூ போடச் சொல்கிறார்கள்.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறார்கள். அவர்களைக் கற்பனை இல்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? புள்ளி வைத்தாகிவிட்டது, கோடு எங்கே வளைய வேண்டும், எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பது போடுகிறவளின் மனதில்தான் இருக்கிறது. கணிதம் படித்த என் தங்கை மகள் ஒரு செய்தி சொன்னாள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து, புள்ளிக் கோலத்தைக் கணினிக்குப் புரிகிற இலக்கணமாக எழுதி 1974-ல் கட்டுரை வெளியிட்டாராம். படித்தவர்கள் இலக்கணம் எழுதும் அளவுக்கு ஒழுங்கு உள்ள வேலை அது. நான் துணியில் செய்ததும் அதைத்தான். கட்டம் எனக்கு முனைகளை மட்டும் சொல்லும். ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் போகும் வளைவை யாரும் வரைந்து தருவதில்லை; அது என் கையிலிருந்து வர வேண்டும். துணியைத் துவைத்ததும் கட்டம் போய்விடும், வளைவுதான் நிற்கும். அந்த வடிவமைப்பாளர் நின்ற வளைவைப் பார்க்காமல் போன கட்டத்தைக் குறை சொன்னார்.

கட்டம் போடுவதே லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். துணியை நனைத்துச் சுருங்கவிட்டு, மெல்லிய கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பிறகுதான் சாக்கைத் தொட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது. நடுவில் ஒரு கூட்டல் குறி போட வேண்டும். அது சரியான செங்கோணமா என்று பார்க்கக் கொத்தனார் கணக்கே போதும்: ஒரு பக்கம் 30 அங்குலம், மறுபக்கம் 40 அங்குலம் குறித்தால் குறுக்கே 50 வர வேண்டும். அதன் பிறகு எல்லாக் கோட்டுக்கும் அந்த நடுக்கோட்டிலிருந்தே டேப்பை வைக்க வேண்டும். ஒரு கோட்டை வைத்து அடுத்ததை அளந்து போனால், கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் இருபதாவது கோட்டில் ஒரு சென்டிமீட்டர் போயிருக்கும்.

வெள்ளைத் துணியில் நீலப் பேனா போதும். ஆனால் துவைக்காமல் இஸ்திரி போட்டால் அந்த நீலம் துணியோடு தங்கிவிடும். கலர் துணிக்குக் குத்துப் பேப்பர்தான். ட்ரேஸிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைத் தேய்த்தால் வெள்ளைப் புள்ளி விழும். கைப்பழக்கம் வந்தவர்களுக்குக் கோடுகூட வேண்டாம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் முக்குக்கு முக்கு ஒரு புள்ளி இருந்தால் போதும்.

நைட்டி யோக்குக்கு நேர்க்கட்டம் ஆகாது. நூலோட்டத்துக்கு 45 டிகிரியில், அரை அங்குலக் கோணல் கட்டம் போட வேண்டும். நேர்க்கட்டத்தைக் கழுத்து வளைவு வெட்டும்போது இடமும் வலமும் ஒத்துவராவிட்டால் பார்க்கிறவர் கண்ணில் உடனே படும். கோணல் கட்டத்தில் அது அமுங்கிவிடும். தைத்து முடித்த பிறகுதான் கழுத்தை வெட்ட வேண்டும். தையல் ஓட ஓடத் துணி உள்ளே இழுக்கும்; முதலிலேயே வெட்டினால் அளவு போச்சு.

இனி, என் தொழில் வாழ்க்கையில் பாதியைத் தின்ற முக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலிதழ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு இலையாக மாற வேண்டும். இலைக்கு இரண்டு வளைவு. படுக்கைக் கோட்டில் ஒருமுறை மேலும் கீழுமாக அலைந்து போய், கடைசியில் திரும்பி, விட்ட பக்கத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். படுக்கை எல்லாம் முடிந்ததும் நெட்டைக் கோடுகளில் அதே மாதிரி. நூலை அறுக்காமல் முழுத் துணியையும் முடிக்கலாம். ஒவ்வொரு முக்கிலும் நாலு திசையிலிருந்து இரண்டிரண்டாக எட்டு வளைவு முனைகள் வருகின்றன. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பதால் நுழைந்த நூலுக்கு வெளியே போக எப்போதும் வழி இருக்கும். ஏழு பாலத்துக் கணக்கில் 1736-லேயே கணித மேதை ஆய்லர் இதைக் காட்டிவிட்டார் என்று தங்கை மகள் சொன்னாள். நாங்கள் கணக்கு தெரியாமலேயே நூல் அறாத பாதையைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

எட்டு முனை என்றால் ஊசி ஒரே முக்கை நாலு தடவை கடக்கிறது. வம்பு இங்கேதான். முதல் தடவை புள்ளியில் சரியாக விழும். இரண்டாம் தடவையும் சமாளிக்கலாம். மூன்றாம் தடவை போகும்போது அங்கே ஏற்கெனவே நூல் மேடு தட்டியிருக்கும். ஊசி அந்த மேட்டில் வழுக்கி, அரை மில்லிமீட்டர் ஒதுங்கி இறங்கும். நாலாவது தடவை, ஒதுங்கினதைச் சரிக்கட்டக் கை இழுக்கும். ஊசி வளைந்து தட்டில் இடித்து முறியும். முறியாவிட்டால் அதைவிட மோசம்: நாலு இதழும் ஒரு புள்ளியில் சேராமல், நடுவில் ஒரு சின்னப் பொந்து தெரியும். ஒரு முக்கில் பொந்து இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 60-க்கு 90 அங்குலப் போர்வையில் 3 அங்குலக் கட்டம் போட்டால் ஓரத்தை விட்டு உள்ளே மட்டும் 551 முக்கு. ஊசி 2,204 தடவை முக்கைக் கடக்க வேண்டும். பத்தில் ஒன்று தவறினாலும் போர்வை முழுக்க அது தெரியும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு முகவூர்க்காரர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அதிகம் பேச மாட்டார். பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றுதான் சொல்வார்: "தாயி, ஊசியப் பாக்காத. போற முக்கப் பாரு." ஊசியைப் பார்த்தால் நடந்து முடிந்ததைத்தான் பார்க்கிறோம், கை அதற்குப் பிறகு திருந்த முடியாது. ஒரு முக்கைத் தாண்டின நொடியிலேயே கண் அடுத்த முக்குக்குப் போய்விட்டால் வளைவு தானே ஒழுங்காக வரும். இதைக் காதால் கேட்பது எளிது. கண்ணை ஊசியிலிருந்து பிடுங்கி எடுக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

மீதியை நானே தைத்துத் தைத்துத்தான் கண்டேன். நிறுத்த வேண்டுமானால் முக்கில்தான், ஊசி இறங்கிய நிலையில் நிறுத்த வேண்டும். கையை மாற்றிப் பிடிப்பதும் அங்கேதான். வளைவின் நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு நொடிப்பு விழும், துவைத்தாலும் போகாது. முக்கில் நிற்கும்போது கால் முழுக்க நின்றுவிட வேண்டும். கை நின்று கால் ஓடினால் அங்கேயே நூல் குவியும். முக்கில் ஒருபோதும் பின்தையல் அடிக்கக் கூடாது. அடிநூல் மெல்லியதாக இருந்தால் மேடு பாதி குறையும். மூன்றாம், நாலாம் கடப்பில் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த ஒரு குத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். புது ஊசி போட்டுத்தான் நெட்டைக் கோட்டைத் தொடங்க வேண்டும். ஊசிக்கு ஆகிற காசைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்களுக்கு நாலிதழ் வராது.

இந்தத் தொழில் எங்கேயோ பிறந்து நேற்று இங்கே வந்தது போலப் பயிற்சியாளர்கள் பேசுகிறார்கள். மிதி மிஷினில் ஃபுட்டைக் கழற்றி எம்ப்ராய்டரி போடும் முறையை சிங்கர் கம்பெனியே 1911-ல் புத்தகமாகப் போட்டது. வடகன்னடத்துச் சித்திப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையாலேயே தைக்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் பழைய துணியிலிருந்து எழுந்தவைதான். அமெரிக்காவில்கூட மிஷினில் தைத்த குவில்ட்டை நெடுங்காலம் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். 1989-ல் படூக்காவில் நடந்த பெரிய போட்டியில் கேரில் பிரையர் ஃபாலர்ட் மிஷினில் தைத்த குவில்ட்டுக்கு முதல் பரிசு வாங்கிய பிறகுதான் அந்த வாய்கள் அடைத்தன. சென்னையில் 2019-ல் குவில்ட் திருவிழாவே நடந்தது. அந்த மாதிரி இடங்களில் தளவாய்புரத்து யோக் வேலைக்காரிகளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியூர்க் கடை ஒன்று என்னிடம் வாங்கிய போர்வைகளை வேறு மாநிலத்துக் கைவேலை என்று சீட்டு ஒட்டி விற்றது. சீட்டில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தால் விலை குறைந்துவிடுமாம்.

இப்போது யோக் வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டர் மிஷினுக்குப் போய்விட்டது. பல தலைகள் ஒரே நேரத்தில் ஒரே பூவைப் போடுகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. நைட்டிக்கு அது போதும். ஆனால் பெரிய போர்வையை ஃப்ரேம் ஃப்ரேமாக மாற்றிப் போடும்போது இரண்டு ஃப்ரேம் சேரும் இடத்தில் கட்டம் ஒத்துப்போவதில்லை. பஞ்சு எந்த இடத்தில் தடித்திருக்கிறது, துணி எங்கே இழுக்கிறது என்று அந்த மிஷினுக்குத் தெரியாது. அது தெரிந்து கையைத் தளர்த்துகிறவளுக்குப் பீஸ் ரேட் குறைந்துகொண்டே போகிறது.

கையால் தைக்க வரும் பிள்ளைகளுக்கோ பொறுமை இல்லை. துணியை நனைப்பதில்லை, தைத்துக் கொடுத்த போர்வை வாங்கினவர் வீட்டில் முதல் துவைப்பில் சுருங்குகிறது. கட்டம் அச்சடித்த ஷீட்டை ஒட்டித் தைத்துவிட்டுக் கிழிக்கிறார்கள். கிழிக்கிற இழுப்பில் தையல் தளர்கிறது. கட்டமே வேண்டாம் என்கிறவர்கள் புழு நெளிந்தது போலத் துணி முழுக்கக் கோடு இழுத்து, அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் வைக்கிறார்கள். நானும் கட்டம் இல்லாமல் தைத்திருக்கிறேன். முக்கை நாலு தடவையும் சரியாகக் கடக்கத் தெரிந்த கை கட்டம் இல்லாமலும் ஒழுங்காகப் போகும். கடக்கத் தெரியாத கைக்குக் கட்டம் இல்லாத இடத்தில் தன் தவறே தெரியாது. தவறு தெரியாதவர்கள் திருந்துவது எப்படி?

அரசு தையல் பயிற்சி நடத்துகிறவர்களுக்கும், தளவாய்புரத்திலும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். முதல் மாதம் யாரையும் மிஷினில் உட்கார வைக்காதீர்கள். சாக்கும் டேப்பும் கொடுத்துக் கட்டம் போட வையுங்கள். 30, 40, 50 சரியாக வரும் வரை அழித்து அழித்துப் போடட்டும். அதற்கு அடுத்த மாதம் நாலிதழ், ஒரே கலர் நூலில், ஒரே நூலாக. முக்கில் பொந்து இருந்தால் தயவு பார்க்காமல் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் கொடுக்கும் முன் துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே முக்கு சுத்தமாக இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தொழில் வந்துவிட்டது. கற்பனை எல்லாம் அதற்குப் பிறகு அவள் பாடு.