பதினோராம் விதி வரை மூச்சு

2021 மே மாதத்தில் சென்னையில் யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா' என்று விசாரிக்கவில்லை. போனை எடுத்ததும் 'எவ்வளவு காட்டுது?' என்றுதான் கேட்டார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே போனால் படுக்கை தேட வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தது. எனக்கு 91 காட்டியது. மாடிப்படி ஏறி இறங்கியதும் 87. கருவியில்தான் கோளாறு என்று என் மனைவி அதைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். 98.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். பெரம்பூர், வியாசர்பாடி, ஐ.சி.எஃப் பக்கம் எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும், செவன்ஸோ இலெவன்ஸோ, கறுப்புச் சட்டையோடு போய் நிற்பேன். கிடைக்கிற காசு பெட்ரோலுக்கும் டிபனுக்கும் சரியாகப் போகும். ஆனால் ஒரு முழு ஆட்டத்தில் நடுவர் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார், அதுவும் முன்னால், பின்னால், பக்கவாட்டில். நாற்பத்தைந்து வயதில் அப்படி ஓட முடிந்தது என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கபசுரக் குடிநீர் குடித்தபோது நான் சிரித்துக்கொண்டு டீ குடித்தேன்.

படுக்கை கிடைத்தது ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25-க்கு 14. உள்ளே சேர்த்த கையோடு தம்பியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து ரெம்டெசிவிர் வாங்கி வரச் சொன்னார்கள். அந்த மருந்தை அரசு அதுவரை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்றுக்கொண்டிருந்தது. கூட்டம் தாங்காமல் மே 15-ஆம் தேதி விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். தம்பி ஆதார் நகல், பரிசோதனை முடிவு, ஸ்கேன், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே போய்விட்டான்.

"அண்ணா, நீ விசில் ஊதுவியே, அந்த கிரவுண்டு வாசல்லதான் நிக்கிறேன்" என்றான் போனில். பின்னால் ஒரே இரைச்சல். கோல் விழுந்தால் கேட்கிற இரைச்சலாக அது இல்லை.

ஃப்ரீ கிக் எடுக்கும்போது எதிரணிக்காரர்களை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அந்த மைதானத்தில் அதற்காக நான் போடாத சத்தமில்லை. வாசலில் அன்று ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் மூச்சுத் திணறும் ஒருவர். யாரைப் பார்த்து யார் தள்ளி நில் என்று சொல்வது? தம்பி வெறுங்கையோடு திரும்பினான். 18-ஆம் தேதியிலிருந்து மருந்து நேராக மருத்துவமனைகளுக்கே போகும் என்று அரசு அறிவித்து அந்த வரிசைக்கு முடிவு கட்டியது. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே இந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. என்னைக் காப்பாற்றியவை ஆக்சிஜன், ஸ்டீராய்டு, குப்புறப் படுத்தது, இந்த மூன்றும்தான் என்று பிறகு நெஞ்சக நோய் டாக்டர் சொன்னார். அதை அன்று அந்த வாசலில் நின்ற யாரிடம் சொன்னாலும் அடிக்க வந்திருப்பார்கள். தம்பியும்தான்.

மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த எண்ணை நான் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரின் போனில் கேட்டேன். அவர் ஒரு காலத்தில் ரயில்வே பணிமனை அணியில் ஆடியவர். முகத்தில் மாஸ்க்கோடு என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர் இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ ரெஃப்ரிதானே? ஐ.சி.எஃப் கிரவுண்டுல எங்க பசங்களுக்கு ஒரு பெனால்டி கொடுக்கல நீ."

"அது கை இல்ல சார், தோள்."

"தோளா? முழங்கைக்குக் கீழ பட்டுச்சு."

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சிஸ்டர் வந்து கத்தினார்: "பேசினா சாச்சுரேஷன் இறங்குது, தெரியுதா? ரெண்டு பேரும் திரும்பிப் படுங்க." குப்புறப் படுத்தோம். அவர் தலையணைக்குள் முகத்தை வைத்தபடி இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். எனக்கு நடுவர் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் மே நடுவிலேயே போய்விட்டார். நான் வார்டில் இருந்ததால் மறைத்திருக்கிறார்கள். 12 நிமிடத்தில் 2,700 மீட்டர் ஓடிக் காட்டினால்தான் பெரிய நடுவர் என்றிருந்த காலத்து ஆள் அவர். நடுவர் ஏன் மைதானத்தை மூலைக்கு மூலை குறுக்காக ஓட வேண்டும் என்று தீக்குச்சிகளை மேசையில் வைத்துக் காட்டியவர். "பந்து எப்பவும் உனக்கும் லைன்ஸ்மேனுக்கும் நடுவுல இருக்கணும், ரெண்டு ஜோடி கண்ணு பாக்கணும்" என்பார். 2002 உலகக் கோப்பையில் நம் கோமளீஸ்வரன் சங்கர் கொடி பிடித்த ஆட்டத்தை டி.வி.யில் பார்க்க எங்கள் எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தவர். அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது அவர் மஞ்சள் அட்டை காட்டிய பையன்கள். கவச உடை போட்டுக்கொண்டு நான்கு பேர். வியாசர்பாடிப் பையன்கள் அந்த மாதம் முழுக்க சிலிண்டர் தூக்கினார்கள், சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பிணமும் தூக்கினார்கள். பந்து ஒரு மூலையில் கிடந்தது.

என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. ஸ்டீராய்டு தொடைச் சதையைத் தின்றிருந்தது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. சர்க்கரை ஏறியிருந்தது. குளித்துவிட்டு வந்தால் இதயம் ஒரு கவுன்டர் அட்டாக்கைத் துரத்தியதுபோல அடித்தது. மருத்துவமனையில் மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே போக வேண்டும். விநாடிக்கு 600 மில்லி இழுத்தால் முதல் பந்து, 900-க்கு இரண்டாவது, 1200-க்கு மூன்றாவது. முதல் பந்து எழுந்தது, தொங்கியது, விழுந்தது. மற்ற இரண்டும் அசையவே இல்லை. நான் ஊதிப் பார்த்தேன். "ஊதக் கூடாது சார், இழுக்கணும்" என்றார் வீடியோ காலில் வந்த பிசியோதெரபிஸ்ட். விசில்காரனுக்கு வெளியே விடுவதுதான் மூச்சு என்று நினைப்பு.

அந்தப் பெண்தான் எனக்கு ஓர் எளிய அளவுகோலைக் கொடுத்தார். நடக்கும்போது பேசிக்கொண்டே நடக்க வேண்டும். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். நாடித்துடிப்பு முதலில் 120-ஐத் தாண்டக் கூடாது. 220-இல் வயதைக் கழித்து, அதில் 70 சதவீதம் என்று கணக்கு. மொட்டைமாடியில் மாலை நேரம் மகளோடு நடக்க ஆரம்பித்தேன். அவளுக்கு அந்த வருடம் பிளஸ் டூ. ஜூன் முதல் வாரத்தில் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள், கையில் நேரம் ஏராளம். பேசுவதற்கு எங்களுக்குள் பெரிதாக விஷயமில்லை. இருந்ததெல்லாம் நோய், சாவு, யார் வீட்டில் என்ன. இரண்டு நாளில் அவளே சொன்னாள்:

"அப்பா, ஃபுட்பால் ரூல்ஸ் சொல்லுங்க. பதினேழு இருக்கில்ல?"

பதினேழு விதிகள். முதலாவது ஆடுகளம்: நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90. இரண்டாவது பந்து. மூன்றாவது ஆட்டக்காரர்கள், மாற்று ஆட்டக்காரர்கள். அதில் கொரோனாவால் ஐந்து மாற்று என்று திருத்தியிருந்தார்கள். அதை விளக்கப் போன இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றேன். "மூணாவதுல அவுட்" என்று அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது ஒரு வெறி ஆகிவிட்டது, எனக்கில்லை, அவளுக்கு. நான்காவது உடைகள். ஐந்தாவது நடுவர், அதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் அதிகமாகவே நீட்டுவேன் என்பாள். ஏழாவது ஆட்ட நேரம். பத்து வரை சின்னச் சின்ன விதிகள், சமாளித்துவிடலாம். பதினோராவது ஆஃப்சைடு. தலை, உடம்பு, கால் இவற்றில் ஒன்றாவது எதிரணிப் பாதியில் இருக்க வேண்டும், கை கணக்கில் வராது, பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டியிருக்க வேண்டும், அங்கே நிற்பது மட்டும் குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட வேண்டும்... அதை ஒரே நடையில் நிற்காமல் சொல்லி முடித்த நாளில் அவள் கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தாள். மனைவிக்கு ஆஃப்சைடில் ஆர்வமில்லை. "பன்னெண்டாவது என்ன?" என்று கேட்டுவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் மனது மைதானத்துக்கு எதிராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. ஜூன் 12 இரவு யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் கோபன்ஹேகனில் ஆடினார்கள். முதல் பாதி முடியும் நேரம். த்ரோ-இன் வாங்க வந்த கிறிஸ்டியன் எரிக்சன், பக்கத்தில் யாருமே இல்லாமல், அப்படியே முகம் குப்புற விழுந்தார். எல்லோரும் எரிக்சனைப் பார்த்திருப்பார்கள். எனக்குக் கண் நடுவர் அந்தோணி டெய்லர் மேலேயே இருந்தது. சில விநாடிகளில் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். ஆட்டக்காரர் தடுக்கி விழுவதும், அடிபட்டு விழுவதும், நடிப்புக்கு விழுவதும், இதயம் நின்று விழுவதும் வெவ்வேறு மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தை ஓடிக்கொண்டே பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு தலை வேண்டும். அந்தத் தலைக்கு ரத்தம் போக வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும். நடுவருக்கு உடல்தகுதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மனைவி டி.வி.யை அணைத்தாள். "இருபத்தொம்பது வயசுப் பையன். பார்த்தீங்கல்ல?"

அவள் சொல்லில் நியாயம் இருந்தது. இந்தக் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையிலும் வீக்கத்தை விட்டுப் போகிறது என்று டாக்டரும் சொன்னார். ஈ.சி.ஜி., எக்கோ, மூன்று மாதம் கழித்து டிரெட்மில். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஓடலாம் என்று ஒப்பந்தம்.

நவம்பர் மழையில் மைதானமெல்லாம் குளமாகக் கிடந்து, தண்ணீர் வடிந்த பிறகு, சர்வதேச நடுவர்களுக்கு வைக்கிற சோதனையை நானும் என் அளவுக்கு ஓடிப் பார்க்க ஆரம்பித்தேன். 40 மீட்டர் வேக ஓட்டம் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள். பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, இதையே 40 முறை. மொத்தம் 4 கிலோமீட்டர். எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை நடுவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அதுதான் ஆபத்தும். டோர்னமெண்ட் நடத்துகிறவருக்கு விசிலோடு ஓர் ஆள் வந்தால் போதும். அந்த ஆள் உள்ளே எப்படி இருக்கிறான் என்று பார்க்க ஏற்பாடு கிடையாது. மகள் போனில் பீப் சத்தம் வைத்தாள், செருப்புகளை அடையாளத்துக்குப் போட்டாள். பாதிக்கு மேல் போக முடியவில்லை. ஆனால் நடக்கிற 18 விநாடிக்குள் மூச்சு திரும்பியது. சும்மா ஓடுவதைவிட அது பெரிய விஷயம். ஆட்டத்தில் நடுவருக்கு ஓய்வு என்பதே கார்னரும் கோல் கிக்கும்தான்.

டிசம்பரில் லைனில் நின்றேன். பாதி மைதான நீளம்தான், மூச்சுக்குச் சுமை குறைவு. ஜனவரியில் ஒமைக்ரான் வந்து 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே நாளை அரசாங்கம் கணக்காகப் பார்த்துப் பூட்டியது என்று புலம்பினேன்.

பிப்ரவரியில் சிறுவர்கள் ஆட்டம் ஒன்றில் நடுவில் நின்றேன். கால் ஓடியது. இரண்டாம் பாதி நடுவில்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பையன் பின்னாலிருந்து இழுப்பது கண்ணில் படுகிறது, ஃபவுல் என்று தெரிகிறது, ஆனால் விசில் வாய்க்குப் போகிறபோது பந்து அடுத்த காலுக்குப் போய்விடுகிறது. ஒரு விநாடி கூட இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அட்வான்டேஜ் கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும். தாமதமாக ஊதிய விசிலை எந்த ஆட்டக்காரனும் நம்புவதில்லை. முப்பது மீட்டர் தூரத்திலிருந்து ஊதினாலும் அப்படித்தான். பக்கத்தில் நின்று தப்பாக ஊதினால்கூட முறைத்துவிட்டுப் போய்விடுவான். கடைசிப் பத்து நிமிடத்தை லைனில் இருந்த இளைய நடுவரிடம் கொடுத்துவிட்டு நான் அவருடைய கொடியை வாங்கிக்கொண்டேன். பெற்றோர்களில் ஒருவர் "அடி பட்டுருச்சா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்த மாதக் கடைசியில் எரிக்சன் நெஞ்சுக்குள் கருவி பொருத்திக்கொண்டு பிரென்ட்ஃபோர்டு அணிக்காக இறங்கினார். மனைவியும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, டி.வி.யை அணைக்கவும் இல்லை.

மார்ச்சில் பெரம்பூரிலிருந்து ஒரு டோர்னமெண்ட் செயலாளர் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மேட்ச் இருக்கு அண்ணே. ரெண்டுக்கும் நீங்கதான் சென்டர்."

"ஒண்ணுக்குச் சென்டர் எடுக்கிறேன். ரெண்டாவதுக்கு லைன்ல நிக்கிறேன், வேற ஆளு பாரு."

"லைனுக்கு பாதிக் காசுதான் அண்ணே."

"முக்கால் கொடு."

"நோய்க்கு முன்னாடி இப்படியெல்லாம் பேச மாட்டீங்களே" என்றார். பக்கத்தில் இருந்த மகள் போனைப் பிடுங்கி, "அங்கிள், பெனால்டி பாக்ஸ் கோடு இந்தத் தடவையாவது ஒழுங்கா போட்டு வையுங்க, விதி ஒண்ணு" என்றாள். முக்காலுக்கு அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.