குறியும் நெறியும்

விளையாட்டுக் களங்கள் பெரும்பாலும் ஆரவாரம் நிறைந்தவை. கைத்துப்பாக்கி சுடும் களம் அத்தகையதன்று. அங்கு நுழைவோரை முதலில் எதிர்கொள்வது சுவரில் தொங்கும் விதிப்பலகையே. துப்பாக்கியின் வாய் எந்நேரமும் இலக்கை நோக்கியே இருத்தல் வேண்டும். கட்டளை பிறக்குமுன் குண்டு இடுதல் கூடாது. இலக்கின் பக்கம் ஒருவர் சென்றிருக்கையில் வேறெவரும் துப்பாக்கியைத் தொடலாகாது. 'நிறுத்து' என்னும் குரல் எழுந்தால், விரல் விசையின்மேல் இருப்பினும், அக்கணமே நிறுத்திவிடல் வேண்டும். இவை யாவும் களத்தின் விதிகள். பிரிட்டனிலோ இவற்றிற்கும் மேலாக நாட்டின் சட்டமே ஒரு பெருஞ்சுவராய் எழுந்து நிற்கின்றது.

அச்சுவர் எழுந்த வரலாறு ஆசிரியர் நெஞ்சங்களை உலுக்க வல்லது. 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் காலை, ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்னும் சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தினுள் ஒருவன் புகுந்தான். அவன் கொண்டுவந்தவை சட்டப்படி உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். சில நிமிடங்களில் 16 குழந்தைகளும் அவர்தம் ஆசிரியையும் உயிரிழந்தனர். நாட்டு மக்களின் துயரம் கோரிக்கையாகத் திரண்டது. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டனர். 1997இல் நிறைவேறிய இரு சட்டங்கள், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை ஏறக்குறைய முற்றாக விலக்கின. முதற்சட்டம் பெரிய வகைகளைத் தடுத்தது. அடுத்தது, ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படும் 5.6 மில்லிமீட்டர் சிறு வகையையும் தடுத்தது.

போட்டியாளருக்கு எஞ்சியது பெரும்பாலும் காற்றழுத்தத்தால் இயங்கும் 4.5 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியே. ஆயினும் அது எளிய கருவியன்று. ஒரே கையால் அதனை ஏந்தி, 10 மீட்டர் தொலைவிலுள்ள அட்டையின் நடுவட்டத்தைத் துளைத்தல் வேண்டும். அவ்வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான்!

மாலை வேளையில் சிற்றூர்க் கழகமொன்றிற்கு வரும் வீரர், குண்டு செலவழித்து மட்டும் பயில்வதில்லை. குண்டில்லாத துப்பாக்கியை ஏந்தி, வெறும் வெண்சுவரை நோக்கி, விசையை மெல்ல அழுத்திப் பலமுறை பயில்கின்றார். குண்டு பாயும் அதிர்வு இல்லாததால் கையின் சிறுபிழையும் அவர் கண்ணுக்குப் புலனாகின்றது. பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அருச்சுனன் கதையை அறியாத மாணவர் இலர். இக்கலையிலோ பாடம் வேறு. பார்வை இலக்கைத் தேடி ஓடலாகாது. துப்பாக்கியின் நுனியிலுள்ள முன்குறியின்மீதே அது நிலைத்தல் வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரியின் தெரியட்டும். முன்குறி ஒரு மில்லிமீட்டர் பிறழ்ந்தால் 10 மீட்டருக்கு அப்பால் அப்பிழை ஏறக்குறைய 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். இவற்றினும் அரிய பாடம் ஒன்றுண்டு. கை நிலைகொள்ளாத வேளையில், எவ்வளவு நேரம் குறிபார்த்திருப்பினும், சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுதல் வேண்டும். இதனைக் கல்லாதவர் வீரராதல் அரிது.

ஆனால், எல்லாப் பயிற்சியும் இவ்வாறு கைகூடுவதில்லை. 25 மீட்டர் விரைவுப் போட்டியில் ஐந்து இலக்குகளின்மீது ஐந்து குண்டுகளை 8 விநாடியிலும், பின்னர் 6 விநாடியிலும், இறுதியில் 4 விநாடியிலும் செலுத்துதல் வேண்டும். ஒற்றைக் குண்டுக் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு அவ்விரைவைப் பழக இயலுமோ? எனவே தேர்ந்த வீரர்கள் சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குச் சென்று பயிலலாயினர். "குற்றம் புரிந்தவன் ஒருவன், இழந்தவர்களோ பல்லாயிரவர்" என்று அவர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லை எனல் இயலாது.

எனினும் அவர்கள் கலை அழியவில்லை. தடை வந்த மறு ஆண்டே, 1998இல், கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றன. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு லங்காவித் தீவு களமாயிற்று. இங்கிலாந்தின் மிக் கால்ட் அங்கே தங்கம் வென்றார். 1994 முதல் 2014 வரை அவ்விளையாட்டுகளில் அவர் பெற்ற பதக்கங்கள் மொத்தம் 18. தாய்நாட்டுச் சட்டம் இறுகிய காலத்திலும் அவர் கை தளரவில்லை.

2012இல் இலண்டன் ஒலிம்பிக் வந்தபோது, கைத்துப்பாக்கிப் போட்டிகளைத் தன் மண்ணில் நடத்தவே அந்நாடு சிறப்பு அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. அதே ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் ஆண்டி மரே. 1996ஆம் ஆண்டின் அக்கொடிய காலையில் டன்பிளேன் பள்ளியிலிருந்த மாணவருள் அவரும் ஒருவர். உயிர் தப்பிய ஒரு சிறுவன் எத்துணை உயரம் செல்லக்கூடும் என்பதற்கு அவர் சான்று. மடிந்த பதினாறு மழலையர் எவ்வெவ்வாறு வளர்ந்திருப்பர் என்பதை எவர் கணக்கிடுவார்?

வீரர்கள் இழந்தது ஒரு விளையாட்டின் பகுதியை. பெற்றோர் இழந்ததோ பெற்ற மக்களை. இரண்டையும் ஒரே தராசில் இடுதல் ஒல்லாது. இதனை அவ்வீரர்களுக்கு எடுத்துரைக்க வேறொருவர் வேண்டுவதில்லை. அவர்கள் பயின்ற கலையே அதனை உரைக்கின்றது. பாதுகாப்பில் ஐயம் எழுந்தவிடத்து, சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்துவதே அவர்கள் களத்தின் முதல் நெறி. 1997இல் ஒரு நாடு செய்ததும் அதுவேயன்றோ!